விளையாட்டின் பெயர் போதும், விதியைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தை பிறக்கும் நேரத்தில் நாளிதழ்களின் பொங்கல் மலர்களில் தவறாமல் ஒரு கட்டுரை வந்துவிடும். பல்லாங்குழி, தாயம், கிட்டிப்புள், உறியடி என்று பத்துப் பதினைந்து பெயர்கள், இரண்டு படங்கள், கடைசியில் கைப்பேசியின் மீது ஒரு பழி. அதைப் படித்துவிட்டு ஒரு வீட்டில் பல்லாங்குழியை எடுத்து வைத்தால், குழிக்கு எத்தனை காய் என்பதிலேயே ஆட்டம் நின்றுபோகும். ஆடத் தெரிந்தவருக்கு அந்தக் கட்டுரை தேவையில்லை, தெரியாதவருக்கு அதனால் பயனில்லை. வருகிற காணும் பொங்கலுக்காவது இரங்கலை விட்டுவிட்டு ஆட்டத்தை அச்சிடுங்கள் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

காணும் பொங்கல் வேலைக்கான நாளே இல்லை. பொங்கலுக்குப் பானை, மாட்டுப் பொங்கலுக்கு மாடு, தை 3ஆம் நாளுக்கு மனிதர்கள். அன்று சென்னையில் பாதிப்பேர் மெரினாவிலும் வண்டலூரிலும் வரிசையில் நிற்கிறார்கள். கடலில் இறங்கத் தடை, குழந்தையின் கையில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டை, திரும்பி வரப் பேருந்துக்குக் காத்திருப்பு. கடற்கரைக்குப் போவது தவறில்லை. ஆனால் வீட்டு வாசலும் நிழலுள்ள ஒரு மரமும் இருக்கிறவர்கள் நாளைத் தெருவிலேயே கழிக்கலாம். சென்னை வட்டாரத்தில் தை மாதச் சூரியன் மாலை 6 மணிக்கெல்லாம் மறைந்துவிடுகிறது. காலை 7 முதல் 10 வரை ஓடியாடும் ஆட்டம், வெயிலில் திண்ணை ஆட்டம், 4 மணிக்கு மேல் மீண்டும் தெரு என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும். இதற்கு நிகழ்ச்சி நிரல் அச்சடிக்கத் தொடங்கினால் அதுவும் அலுவலகம் ஆகிவிடும். ஒலிபெருக்கி வேண்டாம். சிறப்பு விருந்தினர் நிச்சயம் வேண்டாம், அவர் வரும்வரை பிள்ளைகள் வெயிலில் உட்கார வேண்டியிருக்கும்.

முதலில் பல்லாங்குழி. 14 குழி, ஆளுக்கு 7. குழிக்கு 5 காய் என்றால் மொத்தம் 70. சோழி, புளியங்கொட்டை, மஞ்சாடி எதுவானாலும் சரி, எல்லாம் ஒரே அளவில் இருந்தால் விரல் தடுமாறாது. முதலில் ஆடுபவர் தன் வரிசையில் ஏதாவது ஒரு குழியைக் காலி செய்து, வலப்புறமாகக் குழிக்கு ஒன்று வீதம் போட்டுக்கொண்டே போக வேண்டும். தன் வரிசை முடிந்தால் எதிராளி வரிசை, அதுவும் முடிந்தால் மறுபடி தன் வரிசை. கையில் காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால் அதை விரலால் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அத்துடன் முறை எதிராளிக்குப் போகும். அடுத்தடுத்து இரண்டு குழியும் காலி என்றால் வெறுங்கைதான். ஆட்டத்தின் நடுவே காலியாகிப்போன குழி ஒன்று சேர்ந்து சேர்ந்து 4 காயானால் அது பசு. யார் வரிசையில் பசு விழுந்ததோ அவர் அப்போதே எடுத்துக்கொள்ள வேண்டும். கவனிக்காமல் விட்டு அதன்மேல் ஐந்தாவது காய் விழுந்தால் போனது போனதுதான்.

விதி சரியாகப் பிடிபட்டதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. எல்லாக் குழியிலும் 5 இருக்கும்போது எந்தக் குழியில் தொடங்கினாலும் ஐந்து முறை அள்ளி, 27 காய் போட்டு, ஒரு காலிக் குழியில் வந்து நிற்பீர்கள். துடைத்து எடுத்தால் 7 காய் கிடைக்கும். ஆறோ எட்டோ வந்தால் எங்கோ ஒரு காய் தவறிவிட்டது, அல்லது அள்ளிய குழியிலேயே மறுபடி ஒன்று போட்டிருக்கிறீர்கள். சில ஊர்களில் துடைத்த பின் எதிர்க்குழியில் இருப்பதையும் சேர்த்து எடுப்பார்கள், அப்போது கணக்கு மாறும். யார் தொடங்கினாலும் முதல் முறையில் 7 தான் என்பதால் யார் தொடங்குவது என்று சண்டை போடுவதில் பெரிய லாபமில்லை. புத்தி தேவைப்படுவது இரண்டாவது முறையிலிருந்து.

ஒருவர் தன் முறை வரும்போது தன் வரிசையில் காய் இல்லாமல் நின்றால் அந்தச் சுற்று முடிந்தது. மிச்சம் கிடக்கும் காய் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தாருக்கு. பிறகு அவரவர் காயால் அவரவர் குழியை ஐந்தைந்தாக நிரப்ப வேண்டும். ஒருவரிடம் 42, மற்றவரிடம் 28 என்றால் முதலாமவர் 7 குழியும் நிரப்பி 7 காயைக் கையில் வைத்துக்கொள்வார். இரண்டாமவர் 5 குழி நிரப்புவார், 3 காய் கையில் இருக்கும், 2 குழி மூடப்படும். மூடிய குழியில் ஒரு ஈர்க்குச்சியை வைத்துவிட வேண்டும், இருவருமே அதில் காய் போடக் கூடாது. ஒரு குழியும் நிரப்ப முடியாதவர் தோற்றார். மரப்பலகை இல்லாவிட்டால் 14 தேங்காய்ச் சிரட்டை போதும். இரண்டு முட்டை அட்டையிலும் ஆடலாம், ஆனால் அதில் நாலைந்து காய்க்கு மேல் அள்ளும்போது விரல் நுழையாது.

தாயத்தில் பிள்ளைகள் சலித்து எழுந்து போவதற்குக் காரணம் கைப்பேசி அல்ல, கணக்கு. பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றின் நான்கு முகத்திலும் 1, 2, 3, வெறுமை. இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது ஒன்று, விழுவது இரண்டே விதம். மூன்று விழ நான்கு விதம், இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று, ஐந்துக்கு இரண்டு, ஆறுக்கு ஒன்று. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு, அதற்கும் ஒன்றே. காய் இறங்கத் தாயம் வேண்டும் என்பதால் எட்டு உருட்டலுக்கு ஒரு முறைதான் கதவு திறக்கிறது. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டுக்கு மறு உருட்டல் உண்டு என்பதைச் சேர்த்தாலும், ஒருவருக்கு ஒரு முறையில் தாயம் கிடைக்கும் வாய்ப்பு ஆறில் ஒன்றுதான். நான்கு பேர் ஆடும்போது எட்டு வயதுப் பிள்ளை ஒன்று அரைமணி நேரம் காயை இறக்காமலே உட்கார்ந்திருப்பது இதனால்தான். ஆறு சோழியைப் போட்டு மல்லாந்தவற்றை எண்ணும் வழக்கத்தில் தாயம் இன்னும் அரிது.

இதற்குப் பழைய திண்ணைகளிலேயே ஒரு சலுகை உண்டு. முதல் காயை மட்டும் தாயமோ ஐந்தோ எது விழுந்தாலும் இறக்கிவிடலாம், மற்ற காய்களுக்குத் தாயம்தான். ஐந்துக்கும் இரண்டு விதம் இருப்பதால் காத்திருப்பு பாதியாகும். கட்டத்தையும் சிறிதாக்குங்கள். 7க்கு 7 கட்டத்தில் ஒரு காய் வெளிச்சுற்றில் 24, அடுத்ததில் 16, உள்ளே 8 என்று 48 கட்டம் தாண்டிப் பழம் எனப்படும் நடுக்கட்டத்துக்குப் போக வேண்டும். 5க்கு 5 என்றால் 16, 8, பிறகு நடுக்கட்டம். பிள்ளைகளோடு ஆட இதுவே போதும். மலை எனப்படும் பெருக்கல் குறி போட்ட கட்டத்தில் நிற்கும் காயை வெட்ட முடியாது. எதிராளியின் ஒரு காயையாவது வெட்டாமல் உள்சுற்றுக்குள் நுழையக் கூடாது என்ற விதியைத் தளர்த்தாதீர்கள். அதை எடுத்துவிட்டால் எல்லாரும் அவரவர் பாட்டுக்கு உருட்டிக்கொண்டு போவார்கள், வெட்டும் கூச்சலும் இல்லாத தாயத்தை ஆடுவதற்குச் சும்மா தூங்கலாம். கட்டையைச் சிமெண்டுத் தரையில் உருட்டினால் முனை தேய்ந்து ஒரே முகமாக விழத் தொடங்கும், அடியில் ஒரு பழைய வேட்டியை நான்காக மடித்துப் போடுங்கள். கட்டை இல்லாதவர்கள் புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைச் சொரசொரப்பான கல்லில் வெள்ளை தெரியும்வரை தேய்த்துக்கொள்ளலாம். அரைகுறையாகத் தேய்த்தால் கனமான பக்கம் அடியில் போய்விடும், பாதிக் கொட்டை கரையும்வரை தேய்க்க வேண்டும்.

அஞ்சாங்கல்லுக்கு நெல்லிக்காய் அளவில் ஐந்து கல். ஆற்றுக் கூழாங்கல் பார்க்க அழகு, புறங்கையில் வாங்கும்போது வழுக்கும். புதுச் சல்லி விரலைக் கிழிக்கும். சல்லியை எடுத்து முனை மழுங்கத் தேய்த்துக்கொள்வதே சரி.

கிட்டிப்புள்ளைப் பற்றி எழுதும்போதெல்லாம் ஆபத்தை யாரும் எழுதுவதில்லை. புள் என்னும் சிறு குச்சி 3 முதல் 4 அங்குலம், அதை அடிக்கும் கிட்டி ஒன்றரை முதல் 2 அடி. கொய்யா, புளி, வேம்பு மூன்றும் உதவும், முருங்கை உதவாது. புள்ளின் இரு முனையையும் ஒரே அளவாகச் சீவ வேண்டும், ஒரு முனை கூர், ஒரு முனை மொட்டை என்றால் எழும்பும்போது பக்கவாட்டில் சுழன்று யார்மீதாவது போகும். சீவல் முக்கால் அங்குலமாவது இருக்க வேண்டும். குறைந்தால் முனை தரையோடு ஒட்டிக்கிடக்கும், தட்டினாலும் எழும்பாது. புதிதாக ஆடுகிறவர்கள் புள்ளின் நடுவில் அடிக்கிறார்கள், அது மண்ணில் புதைகிறது. முனையில், கிட்டியின் நுனியால், லேசாகத் தட்ட வேண்டும். முழங்கால் உயரத்துக்கு எழும்பினால் போதும், கண் உயரத்துக்கு எழுப்பி அடிப்பது வீரமல்ல. வேடிக்கை பார்க்கிறவர்கள் எல்லாரும் அடிப்பவருக்குப் பின்னால், களத்தில் நிற்பவர்கள் 20 அடிக்கு அப்பால். கார் நிறுத்தியிருக்கும் தெருவில் இந்த ஆட்டமே வேண்டாம். பட்டத்துக்கும் இதே கண்டிப்பு வேண்டும், வெறும் பருத்தி நூல் மட்டும். நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017லேயே நாடு முழுவதும் தடை செய்துவிட்டது.

உறியடியில் பெரும்பாலோர் செய்யும் பிழை பானையின் கழுத்தில் கயிற்றைக் கட்டுவது. முதல் அடியில் கழுத்து மட்டும் உடையும், கனமான அடிப்பாகம் அப்படியே அடித்தவரின் தலைமேல் இறங்கும். பானையை அடியிலிருந்து தாங்கும் உறி பின்னித்தான் தொங்கவிட வேண்டும், பெயரே அதனால்தான். நாலு லிட்டர் மண்பானையில் பாதிக்கு மேல் மஞ்சள் நீர் வேண்டாம். நிறைத்துவிட்டால் கயிறு இழுப்பவருக்கு லாவகம் போய்விடும், ஆட்டத்தின் சுவையே அவர் கையில்தான் இருக்கிறது. கயிற்றை நேரே கிளையில் போட்டு இழுத்தால் பட்டையில் உராய்ந்து திரி திரியாகும். ஒரு கிணற்றுக் கப்பியைக் கட்டிக்கொள்ளுங்கள். இழுப்பவர் பானைக்கு நேர்கீழே நிற்கக் கூடாது, மரத்தூரின் ஓரமாக நிற்க வேண்டும். கழி 5 அடி மூங்கில், இரும்புக் குழாய் கூடாது. கண்ணைக் கட்டி மூன்று சுற்றுச் சுற்றிவிட்டால் போதும், பத்துச் சுற்றுச் சுற்றினால் ஆள் கூட்டத்துக்குள் பாய்வார். நீட்டிய கையும் கழியுமாக ஏழெட்டு அடி, தடுமாறும் சில அடிகள், எல்லாம் சேர்த்து 15 அடி ஆரத்தில் சுண்ணாம்பால் வட்டம் போடுங்கள். ஆளுக்கு மூன்று அடி. உடைந்ததும் பிள்ளைகள் ஈரத்தில் ஓடிவருவார்கள், கீழே ஓடு கிடக்கும், சேறும் வழுக்கும். துடைப்பத்தோடு ஒருவர் முதலில் உள்ளே போன பிறகே மற்றவர்கள்.

கயிறு இழுத்தலுக்குக் கடையில் கிடைக்கும் மஞ்சள் நைலான் கயிற்றை வாங்காதீர்கள். உள்ளங்கையைச் சுடும், நீண்டு கொடுக்கும், அறுந்தால் சாட்டையாகத் திரும்பி அடிக்கும். 1997இல் தைபேயில் 1,600 பேருக்கு மேல் சேர்ந்து இழுத்த கயிறு அறுந்து இரண்டு பேருக்குக் கை துண்டானது. ஒலிம்பிக்கில் 1900 முதல் 1920 வரை இடம்பெற்ற பந்தயம் இது, விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டிய கயிறு அல்ல. கைப்பிடி நிறையும் பருமனுள்ள பருத்தி அல்லது சணல் கயிறு, பக்கத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். யாரும் கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றக் கூடாது. நடுவில் ஒரு துணி முடிச்சு, அதிலிருந்து இரு பக்கமும் ஆறாறு அடியில் கோடு. தோற்கும் பக்கம் ஒரே நேரத்தில் கயிற்றை விட்டுவிடுவதுதான் நம் தெருக்களில் வழக்கமான வேடிக்கை. எதிரே எட்டுப் பேரும் மல்லாந்து விழுவார்கள், பின்மண்டை தரையில் படும். மண்ணிலோ புல்லிலோ மட்டும் ஆடுங்கள், தார்ச்சாலையில் வேண்டாம்.

குடியிருப்புகளில் நடத்தும் பாட்டு நாற்காலியில் ஒரு அநியாயம் இருக்கிறது. 20 பிள்ளைகள், 19 நாற்காலி. சுற்றுக்கு ஒரு நிமிடம் என்றாலும் முதலில் வெளியேறியவர் 18 நிமிடம் சும்மா உட்கார வேண்டும். அது பெரும்பாலும் கூட்டத்திலேயே சின்னப் பிள்ளையாக இருக்கும், விளையாட வந்த நாளில் அதற்கு விளையாட்டே இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் வெளியேறியவர் அடுத்த சுற்றில் பாட்டை நிறுத்தட்டும். அல்லது நாற்காலியை மட்டும் குறையுங்கள், பிள்ளைகளைக் குறைக்காதீர்கள். கடைசி இரண்டு நாற்காலியில் இருபது பேர் ஒருவர் மடியில் ஒருவர் ஏறும் காட்சிக்குப் பரிசே தேவைப்படாது, பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பதில் மரப்பெஞ்சு போட்டுவிட்டால் போதும். பொதுவாகவே, ஆட்டமிழந்தவர் மீண்டும் உள்ளே வர இடமுள்ள ஆட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். ஏழு கல், கண்ணாமூச்சி இரண்டும் அந்த வகை. எவர்சில்வர் தட்டு, டிபன்பாக்ஸ் என்று பரிசு வைத்தால் பெற்றோர்கள் நடுவர்களோடு வாதாட வந்துவிடுவார்கள். கரும்புத் துண்டு போதும், தோற்றவருக்கும் ஒன்று.

இதையெல்லாம் எழுதிவிட்டுச் சாப்பாட்டை விட்டால் வீட்டில் பாதிப்பேருக்கு அன்று விடுமுறை கிடையாது. பானை, சர்க்கரைப் பொங்கல், வடை என்று தொடர்ந்து அடுப்படியில் நின்றவர்கள் காணும் பொங்கலன்றும் குழம்பு வைத்துக்கொண்டிருந்தால் தாயத்தில் யார் உட்காருவது? கட்டுச்சோறுதான் வழி. 20 பேருக்குப் புளியோதரைக்கு ஒன்றரைக் கிலோ அரிசி, தயிர் சாதத்துக்கு ஒரு கிலோ. புளிக்காய்ச்சலை முன்னமே செய்து வைத்துவிடலாம், நல்லெண்ணெய் மேலே மிதக்கும்வரை சுண்டியிருந்தால் கெடாது. 200 கிராம் புளிக்குக் கால் லிட்டர் எண்ணெய்க்குக் குறையாமல் வேண்டும், எண்ணெயில் கஞ்சத்தனம் செய்தால் சோறு மதியத்துக்குள் வறண்டு தொண்டையில் நிற்கும். சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்டுத்தான் கலக்க வேண்டும், சூட்டில் கலந்தால் குழைந்து களியாகிவிடும். தயிர் சாதத்தைத் தயிரில் பிசைந்தால் ஒரு மணிக்கே புளிக்கும். ஒரு கிலோ அரிசிக்கு ஒன்றரை லிட்டர் காய்ச்சிய பால் விட்டுக் குழையப் பிசைந்து, ஆறியதும் இரண்டு கரண்டி தயிர் மட்டும் சேருங்கள், சாப்பிடும் நேரத்துக்குச் சரியாக உறைந்திருக்கும். வாழையிலையோ மந்தாரை இலையோ இருந்தால் மாலையில் பாத்திரம் தேய்ப்பதும் மிச்சம். பரிமாறும் வேலை ஆண்களுடையது, இதற்கு விதி எதுவும் எழுதத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஆட்டம் தொடங்குமுன் பேசி முடிக்க வேண்டியவை சில உண்டு. மதுரைப் பக்கத்து அத்தையும் தஞ்சாவூர்ப் பக்கத்து மாமாவும் ஒரே பல்லாங்குழிக்கு இரண்டு சட்டம் வைத்திருப்பார்கள். எதிர்க்குழியை எடுப்பதா, முதல் காய்க்கு ஐந்து செல்லுமா, உறியில் எத்தனை அடி என்பதைச் சாக்கட்டியால் சுவரில் எழுதிவிடுங்கள். நடுவில் மாற்றுவது கிடையாது. எந்த ஊர் வழக்கம் சரி என்ற ஆராய்ச்சியை அடுத்த ஆண்டு வரை ஒத்திப்போடலாம், இரண்டுமே சரிதான்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் கேட்பது பெரிய காரியமில்லை. பொங்கல் மலரில் ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்குங்கள். நாளிதழ்ப் பக்கத்தின் அகலத்தில் 2 அங்குலக் கட்டம் ஐந்து தாராளமாக அடங்கும். ஐந்துக்கு ஐந்து தாயக் கட்டம், நான்கு ஓரங்களின் நடுவிலும் மையத்திலும் மலைக்கான பெருக்கல் குறி, காய் போகும் திசைக்கு அம்பு, அடியில் எட்டு வரியில் விதி. வெட்டியெடுத்துக் காலண்டர் அட்டையில் ஒட்டினால் ஒரு வருடம் உழைக்கும். பின்பக்கத்தில் பசைபட்டால் பாதகமில்லாத செய்தியாகப் பார்த்துப் போடுங்கள். கட்டங்களுக்கு நடுவே மட்டும் நகைக்கடை விளம்பரம் வேண்டாம், காய் எங்கே நிற்கிறது என்று தெரியாது.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற வாசகர்,
கும்பகோணம்